காத்திருக்காதவர்களின் கணையம்: ஒரு திறந்த மூல மருத்துவ மென்பொருள் பரவிய விதம்

ஒரு கம்பியும் ஒரு ட்வீட்டும்

2012 ஆகஸ்டில், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாழ்ந்த ஜான் காஸ்டிக் என்ற மென்பொருள் பொறியாளரின் நான்கு வயது மகனுக்கு முதல் வகைச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது. சில மாதங்களில் குழந்தையின் உடலில் டெக்ஸ்காம் ஜி4 என்ற தொடர் சர்க்கரைச் சென்சார் பொருத்தப்பட்டது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரை அளவைச் சொல்லும் கருவி அது. ஆனால் உள்ளங்கை அளவுள்ள ஒரு ரிசீவர் பெட்டியிடம் மட்டுமே அது பேசும். குழந்தை பள்ளிக்குப் போனால் பெட்டியும் கூடவே போய்விடும்; வேலையிடத்தில் இருக்கும் தகப்பனுக்கு எண் தெரியாது. காஸ்டிக் அந்தப் பெட்டியை யுஎஸ்பி கம்பியால் ஓர் ஆண்ட்ராய்டு போனோடு இணைத்து, எண்களை இணையத்தில் ஏற்றித் தன் கண்முன் கொண்டுவந்தார். 2013 மே மாதத்தில் அதை ட்விட்டரில் சொன்னார்.

அந்தச் செய்தியைப் பார்த்து அவரைத் தேடி வந்தவர்களில் ஒருவர் லேன் டெஸ்பரோ. அவரும் பொறியாளர், அவர் மகனுக்கும் அதே நோய். இருவரும் இன்னும் சிலரும் சேர்ந்து வளர்த்த மென்பொருளுக்கு நைட்ஸ்கவுட் என்று பெயர் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், டயாபட்டீஸ்மைன் என்ற நோயாளர் தளம் கூட்டிய சந்திப்பில், 'நாங்கள் காத்திருக்கவில்லை' என்ற முழக்கம் பிறந்தது. #வீஆர்நாட்வெயிட்டிங் என்ற ஹேஷ்டேக்காக அது ஊர் சுற்றியது. 2014இல் நிரல் எல்லோருக்கும் திறந்து வைக்கப்பட்டது. நைட்ஸ்கவுட் பெற்றோர் கூடிய முகநூல் குழு, அடுத்த ஆண்டு முடிவதற்குள் பல்லாயிரம் பேர் கொண்டதாகிவிட்டது.

விளம்பரச் செலவு இல்லாமல், விற்பனைப் பிரதிநிதி இல்லாமல், மருத்துவர் சீட்டில் எழுதிக்கொடுக்காமல், ஒரு மருத்துவ மென்பொருள் கண்டம் தாண்டிப் பரவியது. எப்படி? இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில் 'சமூக ஊடகம்' என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுகிறது. அந்தப் பதில் பொய்யில்லை. ஆனால் அரைகுறையானது என்று இக்கட்டுரை கருதுகிறது.

இரண்டு வாசிப்புகள்

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வகையினர். முதல் வகையினர் இதை மக்கள் அறிவியலின் வெற்றியாகப் பார்ப்பவர்கள். நிறுவனங்கள் பூட்டி வைத்திருந்த தரவை நோயாளிகள் திறந்தார்கள். ஒருவர் சொன்னதைப் பத்துப் பேர் கேட்டார்கள். பத்துப் பேர் நூறானார்கள் என்று கதை ஓடும். இரண்டாம் வகையினர் ஒழுங்குமுறை சார்ந்து யோசிப்பவர்கள். சோதனைக்கு உட்படாத மென்பொருள் இன்சுலின் அளவைத் தீர்மானிப்பதை, பாராட்டுக் குரல்கள் மட்டுமே ஓங்கி ஒலிக்கும் இடத்தில் பரப்புவது ஆபத்து என்பது அவர்கள் வாதம்.

இரு தரப்பாரும் ஒன்றை ஒப்புக்கொண்டே பேசுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது: சமூக ஊடகத்தில் நடந்தது பரப்புரை, அதாவது ஒரு பொருளை வாங்கச் சொல்லும் குரல், என்பதை. அங்கே எழுதப்பட்ட பதிவுகளையும் கையேடுகளையும் ஒருசேர வாசிப்பவருக்கு வேறொரு குரல் கேட்கும். அது 'வா' என்று சொல்லும்போதே 'நில், முதலில் இதைப் படி' என்றும் சொல்லும் குரல். அது ஏன் அப்படி அமைந்தது என்பதே இங்கே ஆராயப்பட வேண்டியது.

அலாரம் கேட்காத தூக்கம்

நைட்ஸ்கவுட் எண்ணைக் காட்டியதோடு சரி, இன்சுலினைத் தொடவில்லை. அடுத்த அடியை எடுத்து வைத்தவர் சியாட்டில் நகரத்தின் டானா லூயிஸ். பதினான்கு வயதிலிருந்து முதல் வகைச் சர்க்கரை நோயோடு வாழ்பவர். இரவில் சர்க்கரை இறங்கினால் சென்சார் அலாரம் அடிக்கும்; அவருக்கோ ஆழ்ந்த தூக்கம், அந்தச் சத்தம் காதில் விழாது. தனியாக வசித்தவர். சர்க்கரை மிகவும் இறங்கினால் நினைவு தப்பும் என்ற நோயில், இது கேட்பதற்குச் சாதாரணமாகத் தோன்றினாலும் உயிர்ப் பிரச்சினை. நிறுவனத்திடம் சத்தத்தைக் கூட்டச் சொல்லிப் பார்த்தும் பயனில்லை. 2013 கடைசியில், பின்னாளில் அவர் கணவரான ஸ்காட் லீப்ராண்ட், காஸ்டிக்கின் ட்வீட் ஒன்றைக் கண்டார். நிரலைக் கேட்டார்கள், காஸ்டிக் கொடுத்தார். முதலில் அவர்கள் செய்தது உரத்த அலாரம் மட்டும்தான்.

பிறகு அது அலாரத்தோடு நிற்கவில்லை. அடுத்த சில மணி நேரத்தில் சர்க்கரை எங்கே போய் நிற்கும் என்று கணிக்கும் நிரல் வந்தது. அந்நேரத்தில் பென் வெஸ்ட் என்பவர், மெட்ரானிக் நிறுவனத்தின் பழைய இன்சுலின் பம்ப் எந்த ரேடியோ மொழியில் கட்டளை வாங்குகிறது என்பதைப் பல ஆண்டு உழைப்பில் அவிழ்த்து வைத்திருந்தார். இரண்டையும் இணைத்ததும் வட்டம் மூடியது. சென்சார் அளக்கும், சிறு கணினி கணக்கிடும், பம்ப் அதன்படி இன்சுலினைக் கூட்டும் அல்லது குறைக்கும். 2014 டிசம்பரில் லூயிஸின் உடலில் இது ஓடத் தொடங்கியது. 2015 பிப்ரவரியில் ஓப்பன்ஏபிஎஸ் என்ற பெயரில் அதன் வடிவமைப்பு பொதுவில் வைக்கப்பட்டது. இதே வேலையைச் செய்யும் முதல் வணிகக் கருவியான மெட்ரானிக் 670ஜி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஒப்புதலைப் பெற்றது 2016 செப்டம்பரில்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் தாண்டிப் போகும் ஒரு தகவல் உண்டு. லூயிஸ் தற்செயலாகச் சமூக ஊடகத்தில் வந்து விழுந்தவர் அல்லர். மருத்துவத் தகவல் தொடர்பு அவருடைய தொழில். மருத்துவமும் சமூக ஊடகமும் சந்திக்கும் இடத்தைப் பற்றி ட்விட்டரில் வாராவாரம் நடந்த #எச்சிஎஸ்எம் உரையாடலை 2009 ஜனவரியில் தொடங்கியவரே அவர்தான். ஒரு மருத்துவச் செய்தியை எப்படிச் சொன்னால் எவ்வாறு புரிந்துகொள்ளப்படும், எந்தச் சொல் எங்கே போய்ச் சிக்கும் என்பதை ஆறு ஆண்டுகள் பழகியவர் கையில் இந்த மென்பொருள் வந்து சேர்ந்தது. 'யார் வேண்டுமானாலும் ஒரு ட்வீட் போட்டால் பரவிவிடும்' என்று இதிலிருந்து பாடம் எடுப்பவர்கள் இந்த ஒன்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சொல்லே கருவியாகும் இடம்

சமையல் செயலியையோ கணக்கு மென்பொருளையோ பரப்புவதற்கும் மருத்துவ மென்பொருளைப் பரப்புவதற்கும் உள்ள வேறுபாடு, தவறினால் வரும் விளைவின் கனத்தில் மட்டும் இல்லை. சட்டத்திலும் இருக்கிறது. அமெரிக்கச் சட்டத்தில் ஒரு பொருள் மருத்துவக் கருவியா என்பதை முடிவு செய்வதில் 'உத்தேசப் பயன்பாடு' முக்கிய இடம் வகிக்கிறது. அந்த உத்தேசத்தை எங்கிருந்து அறிவது? பொருளின் மேல் ஒட்டிய சீட்டிலிருந்து, விளம்பரத்திலிருந்து, அதை வெளியிடுபவர் வாயாலோ எழுத்தாலோ சொன்னவற்றிலிருந்து. ஆக, ஒரு நிரலைப் பற்றி அதை எழுதியவர் சொல்லும் சொல், அந்த நிரல் சட்டத்தின் கண்ணில் என்ன என்பதையே மாற்றக்கூடியது. மற்றப் பொருள்களில் பொருள் முதலில் வரும், விளம்பரம் பின்னால் வரும். இங்கே சொல்லும் சேர்ந்துதான் பொருள்.

இதை ஓப்பன்ஏபிஎஸ் குழுவினர் நன்கு உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு அவர்கள் தேர்ந்த சொற்களே சாட்சி. அவர்கள் வெளியிட்டதை 'கருவி' என்று அழைக்கவில்லை. 'மாதிரி வடிவமைப்பு' என்றார்கள். யாருக்கும் அனுப்பவில்லை, எழுதி வைத்தார்கள். எழுதுவது பேச்சுரிமையின் கீழ் வரும். செய்து கொடுப்பது உற்பத்தியின் கீழ் வரும். தனக்கெனத் தானே செய்துகொள்பவரைச் சட்டம் துரத்துவதில்லை. பிறருக்கு விநியோகிப்பவரே அதன் பார்வையில் உற்பத்தியாளர். இந்தக் கோட்டின் மேலேயே அவர்கள் வருடக்கணக்கில் நடந்தார்கள்.

பயனர் எண்ணிக்கையைச் சொல்லும்போதுகூட அந்த எச்சரிக்கை உண்டு. ஆய்வுகளில் மாதிரியின் அளவைக் குறிக்கும் குறியீட்டை எடுத்து, 'என் = 1 பெருக்கல் இத்தனை' என்று எழுதினார்கள். ஆயிரம் பேர் பயன்படுத்தும் ஒரு கருவி என்று அதற்குப் பொருள் இல்லை. தனித்தனியே தம்மீது பரிசோதித்துக்கொண்ட ஆயிரம் தனியாட்கள் என்றே பொருள். தமிழில் எழுதும்போது அந்த 'என்' என்ற எழுத்து 'எனது' என்றும் ஒலிப்பது தற்செயல்தான். அவர்கள் சொல்லவந்ததை அது அவர்களைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது.

கோடு எவ்வளவு மெல்லியது என்பதற்குத் தென் கொரியா உதாரணம். தன் குழந்தைக்காக வெளிநாட்டுச் சென்சாரை வரவழைத்து, எண்ணைப் போனில் பார்க்கும் வழியையும் அமைத்து, அதே நோயுள்ள மற்றக் குழந்தைகளின் பெற்றோருக்கும் கொடுத்த ஒரு தாய், மருத்துவக் கருவிச் சட்டத்தின் கீழ் விசாரணைக்கு உள்ளானார். மக்கள் எதிர்ப்புக் கிளம்பிய பின், 2018இல் அவர்மீது வழக்குத் தொடர்வது நிறுத்திவைக்கப்பட்டது. அவர் செய்தது காஸ்டிக் செய்ததிலிருந்து பெரிதும் வேறுபட்டதில்லை; கையிலிருந்து கைக்குக் கொடுத்தார் என்பதே வேறுபாடு.

படி வைத்த வாசல்

இந்தச் சட்ட நெருக்கடியிலிருந்து பிறந்த ஒரு வழக்கம், பின்னர் பாதுகாப்பு ஏற்பாடாகவே மாறியது. எனக்கு இவ்வரலாற்றில் மிகவும் சுவையான பகுதி இதுதான்.

ஓப்பன்ஏபிஎஸ் கணக்கீட்டை ஆண்ட்ராய்டு போனுக்குக் கொண்டுவந்தது ஆண்ட்ராய்டுஏபிஎஸ். செக் நாட்டில் தொடங்கியது. ஐபோனுக்கென்று தனியான கணக்கீட்டோடு வந்தது லூப். இரண்டையும் செயலிக் கடையில் போய் இறக்கிக்கொள்ள முடியாது. மூல நிரலை எடுத்து, அவரவர் கணினியில் அவரவரே கட்டமைத்து, அவரவர் போனில் ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. லூப் செய்ய மேக் கணினியும் ஆப்பிளின் மென்பொருளாளர் கணக்கும் வேண்டியிருந்தது. கட்டமைத்த செயலியை நண்பருக்கு அனுப்பக் கூடாது என்பது ஆண்ட்ராய்டுஏபிஎஸ் சமூகத்தின் கண்டிப்பான விதி. 'யாராவது செய்து வைத்ததை அனுப்புங்களேன்' என்று கேட்டு வருபவருக்குக் கிடைக்கும் பதில், கையேட்டின் முதல் பக்கத்துக்கான இணைப்பு.

செயலியைக் கட்டி முடித்தாலும் முழு இயக்கம் உடனே கிடைக்காது. ஆண்ட்ராய்டுஏபிஎஸ்ஸில் 'இலக்குகள்' என்ற படிவரிசை உள்ளே எழுதப்பட்டிருக்கிறது. முதலில் செயலி ஆலோசனை மட்டுமே சொல்லும். இன்சுலினை மாற்றுவது மனிதர்தான். கேள்விகளுக்கு விடை அளிக்க வேண்டும், குறிப்பிட்ட நாட்கள் காத்திருக்க வேண்டும். அப்புறம்தான் அடுத்த படி திறக்கும். முழக்கம் 'காத்திருக்கவில்லை', செயலியோ காத்திருக்கச் சொல்கிறது. இதை முரண்பாடு என்று கேலி செய்தவர்கள் உண்டு. முழக்கம் யாரை நோக்கியது, காத்திருப்பு யாருக்காக என்று பார்த்தால் முரண்பாடு கரைந்துவிடும். முன்னது நிறுவனங்களை நோக்கியது. பின்னது தன் உடலுக்காக.

கணக்கீட்டுக்குள்ளும் இதே மனப்பான்மை இருக்கிறது. தொடக்க வடிவில் ஓப்பன்ஏபிஎஸ் பம்ப்புக்கு அனுப்பியது நிரந்தரக் கட்டளை இல்லை. அரைமணி நேரத்துக்கான தற்காலிக அளவு மட்டுமே. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புதிய எண் வர வர அது திருத்தப்படும். சிறு கணினி அணைந்துவிட்டாலோ, ரேடியோ தொடர்பு அறுந்தாலோ, அந்த அரைமணி முடிந்ததும் பம்ப் தன்னுடைய பழைய வழக்கமான ஓட்டத்துக்குத் திரும்பிவிடும். மென்பொருள் செத்தால் ஆள் பிழைக்க வேண்டும் என்பதே வடிவமைப்பின் முதல் விதி. இதை விளக்கும் பக்கம் தொழில்நுட்பம் அறியாதவருக்கும் புரியும்படி எழுதப்பட்டிருந்தது. என் கணிப்பில், நைட்ஸ்கவுட்டுக்குப் பிறகு வந்த இந்த மென்பொருள்களைப் பரப்பியதில் ஹேஷ்டேக்கைவிட இத்தகைய பக்கங்களின் பங்கே பெரிது. ஹேஷ்டேக் ஆளைக் கூட்டிவந்து வாசலில் நிறுத்தியது. உள்ளே வந்தவர் தங்கியதற்குக் காரணம், கையேட்டில் புரியாத வரியைக் கேட்டால் நள்ளிரவிலும் யாரோ பதில் சொன்னதும், அந்தப் பதில் பிறகு கையேட்டில் ஏறியதும்தான்.

இந்தப் படி எல்லோருக்கும் ஒரே உயரமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பயனர்களிடம் நடந்த கருத்தாய்வுகளில் பதில் அளித்தவர்களில் படித்தவர்கள், வருமானம் உள்ளவர்கள், ஐரோப்பிய, வட அமெரிக்க நாடுகளில் வாழ்பவர்கள் மிகுதி. ஆண்ட்ராய்டுஏபிஎஸ் கையேடு ஜெர்மன், செக், பிரெஞ்சு, கொரியன் எனப் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது உண்மை. ஆனால் நிரல் இலவசம் என்பதால் சென்சாரும் பம்ப்பும் இலவசமாகிவிடுவதில்லை. ஊசியையும் குருதிச் சோதனைப் பட்டையையும் சிக்கனமாகச் செலவிட வேண்டிய வீட்டில், திறந்த நிரல் மூடிய நிரலைப் போலவே எட்டாத பொருள். நம் ஊர்களில் இந்நோயோடு வாழும் பல குழந்தைகளின் நிலை அதுதான்.

சாட்சியங்களின் எடை

சமூக ஊடகச் சாட்சியங்களைப் பற்றிய நியாயமான ஐயம் ஒன்று உண்டு: நல்லபடியாக ஆனவர் படம் போடுவார், ஆகாதவர் சத்தமில்லாமல் விலகிவிடுவார். சமதளமாக ஓடும் சர்க்கரைக் கோட்டின் படம் ஆயிரம் முறை பகிரப்பட்டாலும் அது ஆயிரம் சாட்சியம் ஆகாது. இதைச் சோதிக்க ஒரு நல்ல வாய்ப்பு, வெவ்வேறு முறைகளில் நடந்த மூன்று ஆய்வுகளை அருகருகே வைப்பது. மூன்றிலும் அளவுகோல், சர்க்கரை குறித்த எல்லைக்குள் இருந்த நேரத்தின் விழுக்காடு; பிந்தைய இரண்டு ஆய்வுகளில் அந்த எல்லை ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 70 முதல் 180 மில்லிகிராம் வரை.

முதலாவது, 2016இல் லூயிஸும் லீப்ராண்டும் வெளியிட்ட சிறு அறிக்கை. தொடக்கப் பயனர்கள் 18 பேர் தாமே சொன்ன விவரங்கள். எல்லைக்குள் இருந்த நேரம் 58 விழுக்காட்டிலிருந்து 81 ஆக உயர்ந்ததாகச் சொன்னது. இரண்டாவது, 2021இல் வெளியான லூப் ஆய்வு. புதிதாகத் தொடங்கிய 558 பேரை ஆறு மாதம் தொடர்ந்து பார்த்தது. 67 விழுக்காடு 73 ஆனது. 23 புள்ளி ஏற்றம் 6 புள்ளியாகச் சுருங்கிவிட்டது. மூன்றாவது, நியூஸிலாந்தில் நடந்து 2022 செப்டம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான கிரியேட் சோதனை. 7 வயது முதல் 70 வயது வரையான 97 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து 24 வாரம் பார்த்தது. திறந்த மூல மென்பொருள் பெற்றவர்கள் 61.2இலிருந்து 71.2 விழுக்காட்டுக்கு உயர்ந்தார்கள். சென்சாரும் பம்ப்பும் மட்டும் வைத்திருந்தவர்கள் 57.7இலிருந்து 54.5க்கு இறங்கினார்கள். சரிக்கட்டிய வேறுபாடு 14 புள்ளி; ஒரு நாளில் ஏறக்குறைய 3 மணி 21 நிமிடம். கடுமையான தாழ்சர்க்கரை இரு அணியிலும் நேரவில்லை.

இரண்டாம் ஆய்வின் ஏற்றம் குறைவாக இருப்பதைப் பார்த்து முதலாவதை மிகைப்படுத்தல் என்று தள்ளிவிடத் தோன்றும். எனக்கு அதைவிடக் கண்ணில் படுவது தொடக்க எண். லூப்பைத் தேடி வந்தவர்கள் 67 விழுக்காட்டில் நின்றபடி வந்தவர்கள். குலுக்கலில் விழுந்த நியூஸிலாந்துக்காரர்கள் 60ஐ ஒட்டி நின்றவர்கள். அதாவது கேள்விப்பட்டு, தேடி, கட்டமைத்து உள்ளே வந்தவர்கள், வருவதற்கு முன்பே தம் நோயை நன்றாகக் கவனித்தவர்கள். சமூக ஊடகம் யாரை அழைத்துவந்தது என்பது அந்த ஓர் எண்ணில் தெரிகிறது. இன்னும் பலன் கிடைக்கக்கூடியவர்களிடம் செய்தி போய்ச் சேரவில்லை என்றும் அதே எண்ணை வாசிக்கலாம்.

கிரியேட் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. அதில் பங்கேற்றவர்களுக்கு மென்பொருள் தயாராகக் கொடுக்கப்பட்டது; அவர்கள் கட்டமைக்கவில்லை. சோதிக்கப்பட்டது கணக்கீடு. கையேடும் விதிகளும் நள்ளிரவுப் பதில்களும் சேர்ந்த அந்தச் சமூக ஏற்பாடு சோதிக்கப்படவில்லை. ஆகவே கணக்கீடு பாதுகாப்பானது என்று நிறுவப்பட்டதை, அது பரவிய முறையும் பாதுகாப்பானது என்பதற்கான சான்றாக நீட்டிவிட முடியாது. அதற்கு எதிர்த்திசையில் ஒரு பதிவும் இருக்கிறது. 2019 மே மாதத்தில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பொது எச்சரிக்கை ஒன்று விடுத்தது. அங்கீகாரம் இல்லாத சாதனக் கோவையைப் பயன்படுத்திய ஒருவருக்குச் சர்க்கரை எண் மீண்டும் மீண்டும் தவறாக உயர்ந்து காட்டப்பட்டு, இன்சுலின் அளவுமீறிச் சென்று, மருத்துவ உதவி தேவைப்பட்டது என்பதே அதற்குக் காரணம். இதற்குப் பின்னும், 2021 நவம்பரில் லான்செட் குழும நீரிழிவு இதழில் பன்னாட்டு மருத்துவர்கள் பலர் சேர்ந்து வெளியிட்ட ஒருமித்த அறிக்கை, இந்த முறையைத் தேர்ந்தெடுக்கும் நோயாளிகளை மருத்துவர்கள் ஆதரிக்க வேண்டும் என்றே சொன்னது.

பழைய பம்ப்புக்கு வந்த மவுசு

பரவலுக்கு உச்சவரம்பு வைத்தது ஊடகம் இல்லை, ஓர் ஓட்டை. ஓப்பன்ஏபிஎஸ் ஏற்றுக்கொண்ட பம்ப்புகள், மெட்ரானிக்கின் சில பழைய மாடல்கள். அவை வெளியிலிருந்து வரும் ரேடியோக் கட்டளையைப் போதிய காவல் இல்லாமல் ஏற்றுக்கொள்பவை. 2011இல் ஜே ராட்கிளிஃப் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், தாமே சர்க்கரை நோயாளி, இன்சுலின் பம்ப்பை வெளியிலிருந்து கைப்பற்ற முடியும் என்று பிளாக் ஹாட் மாநாட்டில் காட்டினார். அவர் காட்டிய அதே வகைக் குறைதான் பென் வெஸ்ட்டுக்குக் கதவாக இருந்தது. நிறுவனம் புதிய மாடல்களில் கதவை அடைத்தது. பழையவை பழைய சாமான் சந்தையில் விலையேறின. உத்தரவாதக் காலம் முடிந்து, உற்பத்தியாளரே மறந்துவிட்ட ஒரு கருவியை மக்கள் தேடி அலைவது மருத்துவச் சாதன உலகில் அபூர்வம்.

2019 ஜூனில் அப்பம்ப்புகள் பாதுகாப்புக் குறை காரணமாகத் திரும்பப் பெறப்பட்டன. அமெரிக்காவில் ஏறத்தாழ 4,000 பேர் அவற்றைப் பயன்படுத்தி வரலாம் என்று நிறுவனம் கணித்தது. திறந்த மூலம் என்ற சொல்லை நாம் எவ்வளவு பெருமையோடு சொன்னாலும், இங்கே திறந்திருந்தது நிரல் மட்டுமே. வன்பொருள் திறக்கப்படவில்லை, திறந்து கிடந்தது. ஆம்னிபாட் பம்ப்பை லூப்பில் இணைக்க வழி பிறந்த 2019 வரை, ஐபோன் பயனர்களும் இதே குறுகிய சந்துக்குள்தான் நின்றார்கள்.

மருத்துவமனைகளுக்குள் வேறு பாதை

பயனரும் முடிவெடுப்பவரும் ஒரே ஆளாக இருந்ததால்தான் மேற்கண்ட பரவல் நிகழ்ந்தது என்பது ஓர் ஒப்பீட்டில் தெளிவாகும். ஆஸ்லோ பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட டிஎச்ஐஎஸ்2, உலகின் மிகப் பரவலான திறந்த மூல மருத்துவத் தகவல் மென்பொருள்களில் ஒன்று. அதன் வேர் இனவொதுக்கல் முடிந்த 1994க்குப் பிந்தைய தென்னாப்பிரிக்காவில். அதன் இரண்டாம் வடிவம் முதலில் களமிறங்கியது 2006இல் கேரளத்தில். அதற்கு ஹேஷ்டேக் முழக்கம் கிடையாது. அது பரவியது பயிற்சி வகுப்புகள் வழியாக, முனைவர் பட்ட மாணவர்கள் வழியாக, சுகாதார அமைச்சுகளின் இசைவு வழியாக. ஒரு மாவட்டச் சுகாதார அலுவலர் ட்விட்டரில் அதைக் கண்டு மயங்கினாலும், நாளை காலை அதை நிறுவிவிட முடியாது.

2020 ஜனவரி இறுதியில் இலங்கையில் முதல் கொரோனா நோயாளி அடையாளம் காணப்பட்டபோது, அந்நாட்டுச் சுகாதார அமைச்சும் டிஎச்ஐஎஸ்2 குழுவும் சேர்ந்து, விமான நிலையத்தில் வந்திறங்குவோரைப் பதிவு செய்து தொடரும் பகுதியைச் சில நாட்களில் அமைத்தார்கள். அது பிறகு நார்வே உட்படப் பல நாடுகளில் எடுத்தாளப்பட்டது. வேகத்தில் இதுவும் ட்வீட்டுக்குச் சளைத்ததில்லை. ஆனால் அந்த வேகத்தின் பின்னால், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்பு மருத்துவ நிறுவனத்தில் ஆஸ்லோவின் துணையோடு ஏறத்தாழ பத்தாண்டு நடந்த மருத்துவத் தகவலியல் படிப்பு இருந்தது. நிரல் எழுதத் தெரிந்த மருத்துவர்களை முன்கூட்டியே உருவாக்கி வைத்திருந்தார்கள்.

சத்தீஸ்கரின் கனியாரியில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் நடத்தும் கிராம மருத்துவமனையின் தேவையிலிருந்து பிறந்த பாம்னி மென்பொருளும் அப்படித்தான். அங்குள்ள ஒரு கிராமத்தின் பெயரையே அது சூடிக்கொண்டது. ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு, அமைத்துக் கொடுப்பவரின் கால்நடையாக நகர்ந்தது. இப்படிப்பட்ட மென்பொருள்களுக்கு ஓப்பன்ஏபிஎஸ் உதாரணத்தைக் காட்டி 'நீங்களும் சமூக ஊடகத்தில் இறங்குங்கள்' என்று அறிவுரை சொல்வது, நெல்லுக்குச் சொன்ன பக்குவத்தைத் தென்னைக்குச் சொல்வது போன்றது.

ஒப்புதல் வந்த பின்

2023 ஜனவரியில் டைட்பூல் லூப் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஒப்புதலைப் பெற்றது. டைட்பூல் இலாப நோக்கற்ற அமைப்பு. அது எடுத்துக்கொண்டது பயனர்கள் எழுதிய லூப் நிரலை. ஒப்புதலுக்கு அது முன்வைத்த சான்றுகளில் மேலே சொன்ன 558 பேரின் ஆய்வும் உண்டு. சமூக ஊடகத்தில் வாய்மொழியாகப் பரவிய ஒன்றின் பயனர்களே, அதைச் சட்டப்படியான கருவியாக்கும் தரவாகவும் ஆனார்கள். ஆனாலும் ஒப்புதல் கிடைத்த மென்பொருள் இணைந்து வேலை செய்ய ஒரு பம்ப் வேண்டும். ட்விஸ்ட் என்ற பம்ப் டைட்பூல் லூப்போடு அங்கீகரிக்கப்பட்டது 2024 மார்ச்சில். நிரல் எழுதியவர்கள் காத்திருக்க மறுத்த அந்தக் காலம், சட்டத்தின் வழியில் வந்தபோது மீண்டும் எண்ணப்பட்டது.

இன்று ஒரே வேரிலிருந்து வந்த மென்பொருளுக்கு இரண்டு வகை எழுத்து இருக்கிறது. ஒன்று டைட்பூலின் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டுக் குறிப்பு. ஆறு வயதும் அதற்கு மேலும் ஆன, முதல் வகைச் சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு என்று அது வரையறுத்துச் சொல்கிறது. அந்த வரையறையைத் தாண்டி ஒரு சொல் விளம்பரத்தில் வந்தாலும் நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். மற்றது, தாமே கட்டமைப்பவர்களுக்காகத் தன்னார்வலர்கள் இன்றும் திருத்திவரும் லூப் கையேடு. 2023இல் மேக் கணினி இல்லாமலே உலாவியில் கட்டமைக்கும் வழி வந்தபோது, அந்தக் கையேட்டின் சில பக்கங்கள் பலருக்குத் தேவையற்றுப் போயின. இது ஒப்புதல் பெறாத பரிசோதனை, முழுப் பொறுப்பும் உங்களுடையது என்று சொல்லும் எச்சரிக்கையை மட்டும் அவர்கள் எடுக்கவில்லை.